முப்பத்தெட்டு வாட்

லின்கோ
பிப்ரவரி 6, 2025

ஆ-தே,

கைபேசியில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். மின்னஞ்சல் போட்டாலும் பதில் இல்லை. அதனால் காகிதத்தை எடுத்தேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இருந்தால் சரி.

போன வாரம் சந்திரப் புத்தாண்டுச் சாப்பாட்டில் மாமாவின் எதிரில் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மாமா, அக்கா கம்பெனி புதுசா ஒரு வித்தை கண்டுபிடிச்சிருக்கு. கடையில புலியா விக்கிறாங்க, வீட்டுக்கு வந்ததும் பூனையாக்கிடறாங்க." எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நான் எழுந்து சமையலறைக்குப் போனது கோபத்தால் இல்லை. பதில் சொன்னால் பாதியில் நிறுத்த வேண்டியிருக்கும். அதனால்தான் போனேன்.

சொல்ல முடிந்ததைச் சொல்கிறேன். நீயும் ஷாங்-பின்னும் வாங்கிய எங்கள் கம்பெனி மடிக்கணினிக்குள் இருக்கும் புதிய சிப், விட்டால் அறுபது வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கும். அரை நிமிடம் அப்படி ஓடலாம். அதற்குப் பிறகு நாங்கள் வைத்த எல்லைக்கு இறங்கிவிட வேண்டும். நீங்கள் வாங்கியபோது அந்த எல்லை முப்பத்தெட்டு வாட். ஜனவரியில் வந்த அப்டேட் அதை இருபத்துநான்காகக் குறைத்தது. வேகம் குறைந்தது உன் பிரமை இல்லை. உண்மைதான். கேலி செய்ய உனக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் அந்த அப்டேட்டை நீக்காதே. இணையத்தில் அதற்கு வழி சொல்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். ஏன் கூடாது என்று கேட்காதே. வெப்பச் சோதனைக்கூடத்தில் நாள் முழுக்க இந்த மெஷின்களோடு உட்கார்ந்திருப்பவள் சொல்கிறேன். அது போதாதா?

அம்மாவுக்கு இருமல் குறையவில்லை. ஒரு வார்த்தை பேசு.

ஷு-யுன்


தைனான்
பிப்ரவரி 15

கம்பெனி அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. முழுதும் படித்தேன். ஆ-பினுக்கும் வாசித்துக் காட்டினேன். "உங்கக்கா நல்லவங்கதான்டா. ஆனா இது அவங்க எழுதின கடுதாசி இல்ல, வக்கீல் பக்கத்துல உக்காந்து எழுத வச்சது" என்றான்.

உனக்கு இது ஒரு எண். எங்களுக்கு இது பிழைப்பு. துறைமுக அருங்காட்சியகத்துக்கு நாங்கள் செய்கிற படம் நான்கு நிமிடம்தான். ஆனால் அதில் ஒவ்வொரு அலையையும் ஒவ்வொரு பாய்மரத்தையும் கணினி கணக்குப் போட்டு வரைய வேண்டும். டிசம்பரில் ஒரே மூச்சில் முடிந்த காட்சி இப்போது மறுநாள்வரை இழுக்கிறது. ஏப்ரல் கடைசியில் திறப்பு விழா. "எங்க மெஷின் தூங்குதுங்க" என்று அருங்காட்சியக அம்மையாரிடம் போய்ச் சொல்லவா?

ராணுவத்தில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த காலத்திலிருந்து நானும், நீ ஷாங்-பின் என்று முழுப்பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆ-பினும் கண்ட கனவு இந்த ஸ்டூடியோ. அவன் அம்மா பால்மீன் கஞ்சிக் கடையில் நின்று எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறார். "என்னடா, இன்னும் அந்தக் கப்பல் கரைக்கு வரலியா?" என்று தினமும் கேட்கிறார். உன்னை நம்பித்தான் இரண்டு மெஷின் வாங்கினோம். "மெல்லிசா இருக்கும், ஆனா குதிரை மாதிரி ஓடும்" என்று சொன்னது யார்?

பழைய மென்பொருள் எங்கள் கையில் கிடைத்துவிட்டது. யாரோ ஒரு ஹேக்கர் செய்ததில்லை. உங்கள் கம்பெனி தன் தளத்தில் போட்டிருந்த அதே கோப்பைத்தான் ஒருவர் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். அதை ஏற்றக் கூடாது என்றால் காரணம் சொல். காரணம் இல்லாமல் கேட்க நான் உன் கம்பெனியில் வேலை செய்யவில்லை.

யாவ்-தே

அம்மாவிடம் பேசினேன். இருமல் பரவாயில்லை. உன்னைப் பற்றித்தான் பேசினாள்.


லின்கோ
பிப்ரவரி 24

ஆ-தே,

இந்தக் கடிதத்தில் ஒரு பத்தி இருந்தது. எழுதினேன், வாசித்தேன், அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். இப்போது எழுதுவது மிச்சம்.

வேலைக்குச் சேர்ந்தபோது சில ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டேன். இந்த மாதம் இன்னொன்றிலும் போட வைத்தார்கள். இதற்கு மேல் சொன்னால் நீ காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவாய். கண்டுபிடித்தால் உன் நண்பர்களிடம் சொல்வாய். உன்னை எனக்குத் தெரியாதா?

அதனால் கேட்க மட்டும் செய்கிறேன். அந்த மெஷினைக் கடினமான மேசையில் மட்டும் வை. மெத்தையிலோ சோபாவிலோ வைக்காதே. அடியில் காற்றுப் போக இடம் விடு. வேலை முடிந்ததும் சார்ஜரைக் கழற்று. அடித்தகடு மேசையில் சமமாக உட்காராமல் ஆடினால் உடனே நிறுத்திவிடு.

இதெல்லாம் எந்த மெஷினுக்கும் சொல்கிற அறிவுரைதானே என்பாய். அப்படியே வைத்துக்கொள். ஆனால் செய்.

வேலைக்கு அவசரம் என்றால் என் பழைய பெரிய கணினியை அனுப்பிவைக்கிறேன். கனமானது, அசிங்கமானது, ஆனால் பயமில்லாமல் ஓட்டலாம்.

ஷு-யுன்


தைனான்
மார்ச் 9

அக்கா,

கோபமில்லாமல் எழுதுகிறேன், ஏனென்றால் சந்தோஷமாக இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு மெஷினிலும் பழைய மென்பொருளை ஏற்றினோம். முப்பத்தெட்டு திரும்பி வந்துவிட்டது. ஆ-பின் நாற்காலி மேல் ஏறி நின்று புயல் காட்சியை ஓட விட்டான். ஃபேன் இரைச்சலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. மறுநாள் காலைக்குள் புயல் முடிந்துவிட்டது. அவன் அம்மா எங்களுக்கு மீன்வயிற்றுத் துண்டாகப் பார்த்துப் போட்டார்.

உன் அறிவுரையில் பாதியைக் கேட்கிறோம். மேசையில்தான் வைக்கிறோம், பெரும்பாலும். ஆ-பின் மட்டும் மதியம் கொஞ்சம் கண் அசரும்போது மெஷினைப் பக்கத்தில் போட்டுக்கொள்கிறான். காட்சி முடிந்த சதவீதம் திரையில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே தூங்கினால்தான் அவனுக்குத் தூக்கம் வருமாம். அவன் மெஷினில் டச்பேட் கல்லு மாதிரி ஆகிவிட்டது. அழுத்தினால் இறங்கவில்லை. "உங்கக்கா கம்பெனி இதுக்கும் ஒரு அப்டேட் போடுமா?" என்று கேட்கிறான். வெளியில் மவுஸ் மாட்டிக்கொண்டான்.

பெரிய கணினி வேண்டாம். நன்றி.

திறப்பு விழாவுக்கு வா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. சண்டை போதும்.

ஆ-தே


லின்கோ
ஏப்ரல் 2

யாவ்-தே,

அஞ்சலி மண்டப வாசலில் நீ என் கையிலிருந்த ஊதுபத்தியை வாங்கி வைத்துவிட்டு, "போ" என்றாய். போய்விட்டேன். ஷாங்-பின்னின் படத்தைத் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். அந்தப் படத்திலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது எதையும் கிழிக்கப் போவதில்லை.

டிசம்பர் கடைசியில் எங்கள் கூடத்துக்குத் திரும்பி வந்த மெஷின்களில் பேட்டரி உப்பியிருந்தது. சிப்பின் சூட்டை வெளியே கொண்டுபோகும் செப்புக் குழாய் பேட்டரியின் ஓரத்தை ஒட்டிப் போகிறது. உடம்பு மெல்லியதாக இருக்க வேண்டும் என்று அப்படி வைத்தார்கள். முப்பத்தெட்டு வாட்டில் பல மணி நேரம், சார்ஜரும் மாட்டியிருந்தால், அந்த ஓரம் வெந்துகொண்டே இருக்கும். உப்பிய பேட்டரி மேலே தள்ளுவதால்தான் டச்பேட் கல்லாகிறது. உன் மார்ச் கடிதத்தை லிப்டில் நின்று படித்தேன். அந்த வரி வந்ததும் கைபேசியை எடுத்தேன். உன் எண்ணுக்கு அழைத்தேன், போகவில்லை, இன்னும் என்னைத் தடுத்துத்தான் வைத்திருந்தாய். அம்மாவை அழைத்தேன். "ஷாங்-பின்னோட மெஷினை உடனே அணைச்சு சர்வீஸ்ல குடுக்கச் சொல்லும்மா, இன்னிக்கே சொல்லு" என்றேன். பேட்டரி என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. தீ என்றும் சொல்லவில்லை. அம்மா அதை எப்படிச் சொன்னாளோ எனக்குத் தெரியாது.

நேற்று துறைத்தலைவர் ஹூ என்னை அழைத்தார். தைனான் தீ விபத்து பற்றிக் கம்பெனியின் தொழில்நுட்பக் கருத்தை நான்தான் எழுத வேண்டுமாம். முதல் வரியை அவர்களே எழுதித் தந்துவிட்டார்கள்: பயனர் மென்பொருளை மாற்றியதால் நிகழ்ந்தது.

இன்னும் எழுதவில்லை.

ஷு-யுன்


தைனான்
ஏப்ரல் 14

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மா போன் செய்தாள். என்ன சொன்னாள் தெரியுமா? "அக்கா என்னமோ மெஷினை சர்வீஸ்ல குடுக்கச் சொல்றாடா. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க ரெண்டு பேரும் நேரா பேசிக்கிட்டா என்ன?" அவ்வளவுதான். நான் சிரித்தேன். ஆ-பினிடம் சொன்னேன். அவன், "சர்வீஸ்ல குடுத்தா ரெண்டு வாரம் வச்சுப்பாங்க. திரும்பி வரும்போது பூனையாத்தான் வரும். இந்த ரெண்டு ஷாட் முடியட்டும், நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்" என்றான். நானும் சரி என்றேன். நான் சரி என்றேன், அக்கா.

மார்ச் பதினெட்டாம் தேதி மதியம், அதுவரை முடிந்த காட்சிகளைக் காட்ட அருங்காட்சியகத்துக்குப் போனேன். அவன் சாப்பிட்டுவிட்டு எங்கள் மாடி ஸ்டூடியோவின் உள்ளறையில் ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்திப் படுத்திருந்தான். மெஷின் மெத்தையில் அவன் பக்கத்தில். அங்கே எல்லோருக்கும் படம் பிடித்திருந்தது. அந்தச் செய்தியோடு ஸ்கூட்டரில் திரும்பினேன். தெருமுனையிலேயே புகை தெரிந்தது. எங்கள் மாடி என்று முதலில் தோன்றவே இல்லை. தீயணைப்புக்காரர் ஒருவர் என்னை இடுப்போடு பிடித்து நிறுத்தினார். அவரைக் கடித்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

போன வாரம் உன் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் பழக்கூடையோடு அவன் அம்மா கடைக்கு வந்தார்கள். தலை குனிந்து வணங்கினார்கள். மகன் மெஷினில் மென்பொருளை மாற்றிவிட்டார், அதனால் கம்பெனி மிகவும் வருந்துகிறது என்றார்கள். அவர்கள் போனதும் அவர் என்னைப் பார்த்தார். "ஆ-தே, யாருப்பா மாத்தினது?" "நாங்க ரெண்டு பேரும்தான், அத்தை." "யார் முதல்ல சொன்னது?" "நான்." அவர் மீன் முள்ளை எடுக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

அவர்கள் சொன்னது உண்மைதானே? நான்தானே மாற்றினேன்? உன் கருத்தில் அப்படியே எழுதிவிடு. உன் கையெழுத்து கம்பெனிக்குப் பழக்கப்பட்டதுதான்.

யாவ்-தே


லின்கோ
மே 12

யாவ்-தே,

எழுதிவிட்டேன். என்ன எழுதினேன் என்பதை நீ முதலில் என்னிடமிருந்து கேட்க வேண்டும்.

நீங்கள் ஏற்றியது கம்பெனி வெளியிட்ட கோப்பு. நீங்கள் திரும்பக் கொண்டுவந்த எண், கம்பெனி விற்ற எண். கடைக்கு வந்த முதல் நாளிலிருந்து ஜனவரி வரை ஒவ்வொரு வீட்டிலும் அந்த மெஷின் அதே முப்பத்தெட்டில்தான் ஓடியது. நீங்கள் எல்லையை உயர்த்தவில்லை. நாங்கள் சத்தமில்லாமல் குறைத்ததை ஏற்கவில்லை, அவ்வளவுதான். குறைத்ததற்குக் காரணம் சொல்லியிருந்தால் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். இதை எழுதி, சோதனைக்கூடத்தின் வெப்ப அளவுகளோடு சேர்த்து, தீ விபத்தை விசாரிக்கும் அதிகாரிகளுக்கு நேராகக் கொடுத்தேன். போன ஆண்டு நான் கேட்டது இருபத்தெட்டு வாட். போட்டிக் கம்பெனியின் வேகத்தை முந்த வேண்டும் என்று விற்பனைப் பிரிவு முப்பத்தெட்டு கேட்டது. கூட்டத்தில் இரண்டு முறை மறுத்தேன், மூன்றாம் முறை பேசாமல் உட்கார்ந்தேன். அதையும் எழுதியிருக்கிறேன்.

ஹூ சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, "ஷு-யுன், பழைய மென்பொருளை ஏத்தினது அவங்கதானே? அது பொய்யா?" என்றார்.

"பொய் இல்ல. அந்தப் பழைய மென்பொருள் யாரோடது?"

"தம்பிங்கிறதால பேசற."

"தம்பின்னு பார்த்துப் பேசியிருந்தா பிப்ரவரியிலயே பேசியிருப்பேன் சார்."

அவர், "ஏப்ரல்ல காரணத்தை வெளியில சொல்லிடுவோம், அதுவரைக்கும் பொறுன்னுதான் உன்கிட்ட சொன்னேன். என்கிட்ட மேல அப்படித்தான் சொன்னாங்க" என்றார். அன்று மாலையே என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். இந்த வாரம் எல்லா மெஷினையும் திரும்ப வாங்கிக்கொள்வதாக அறிவித்திருக்கிறார்கள். செய்தியில் பார்த்திருப்பாய். ஒரே பக்க அறிவிப்பு. அதில் தைனான் இல்லை.

இந்தக் கடிதத்தை ஷாங்-பின்னின் அம்மாவிடம் படித்துக் காட்டு. மாற்றியது நீ என்று மட்டும் அவருக்குத் தெரியும். மிச்சமும் தெரியட்டும். அவருக்கு முன்னால் நீ மட்டும் நிற்க வேண்டாம்.

ஷு-யுன்


தைனான்
மே 26

அக்கா,

படித்துக் காட்டினேன். கடையில் கூட்டம் ஓய்ந்த பிறகு, மேசையெல்லாம் துடைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டார். வாட் என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். முடித்ததும், "அப்போ உங்கக்காவுக்கு முன்னாடியே தெரியும்" என்றார். "தெரியும், அத்தை." "உன்கிட்டயும் சொல்லல." "சொல்லல." எழுந்து உள்ளே போனார். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரு கிண்ணம் கஞ்சி வைத்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு.

அருங்காட்சியகம் படத்தை வேறு ஆட்களிடம் கொடுத்துவிட்டது. புயல் காட்சியை மட்டும் எங்களுடையதையே வைத்துக்கொண்டார்கள். போய்ப் பார்க்கவில்லை.

நேற்று அவர் என்னைக் கூப்பிட்டு, "உங்கக்காவை வரச் சொல்லு. ஒண்ணு கேக்கணும்" என்றார். என்ன என்றேன். அவன் தூக்கத்திலேயே போனானா என்று கேட்க வேண்டுமாம். அவன் மாமாக்கள், ஈமச்சடங்கு செய்த துறவி, நான், எல்லோரும் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறோம். நெருப்பும் சூடும் பற்றிப் படித்தவள் சொன்னால் நம்புவாராம்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அவனைக் கட்டிலிலிருந்து எடுக்கவில்லை. கதவருகே இருந்துதான் எடுத்தார்கள். அந்தத் தீயணைப்புக்காரர் என்னிடம் மட்டும் சொன்னார்.

என்ன சொல்வது என்று நான் உனக்குச் சொல்லப் போவதில்லை. பொய் சொல்லு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லு என்று கேட்கவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியத்துக்கு மேல் கடை காலியாக இருக்கும். ஸ்டேஷனுக்கு வருகிறேன். பேசுவேனா தெரியாது.

ஆ-தே


லின்கோ
ஜூன் 9

ஆ-தே,

ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனாய், திரும்பக் கொண்டுவந்து விட்டாய். ஒரு வார்த்தை பேசவில்லை. தலைக்கவசத்தின் வாரை நீதான் மாட்டிவிட்டாய். அது போதும். நீ தெருவிலேயே நின்றுவிட்டதால் உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. எழுதுகிறேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். நான் மண்டியிடப் போனேன். "அதெல்லாம் வேண்டாம், உக்காரு" என்றார். பிறகு கேட்டார்.

ரயிலில் வரும் வழியெல்லாம் இரண்டு பதில்களையும் தயார் செய்து வைத்திருந்தேன். தூக்கத்திலேயே போனார் என்று சொல்வது எவ்வளவு சுலபம். புகை முதலில் மயக்கிவிடும் என்று பாதி உண்மையும் கையில் இருந்தது. அவர் கேள்வியை முடித்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எனக்குப் புரிந்தது, இவருக்குப் பதில் ஏற்கெனவே தெரியும்.

"இல்ல, அத்தை. எழுந்துட்டார். கதவு வரைக்கும் வந்துட்டார்" என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

"மூடின அறை. அந்தப் புகையில ஒரு நிமிஷத்துக்கு மேல இருக்காது."

"ஒரு நிமிஷம்" என்றார். வாசல் பக்கம் திரும்பினார். "எல்லாரும் தூங்கிட்டே போனான்னு சொன்னாங்க. என் பையன் அப்படித் தூங்கற ஆளே இல்ல. சின்னதுல நான் அடுப்பு மூட்டற சத்தத்துக்கே எழுந்து வந்து நிப்பான். அவன் எழுந்திருக்கலேன்னா அது என் பையனே இல்லேன்னு நினைச்சேன்."

பிறகு, "நீ முன்னாடியே சொல்லியிருந்தா அவன் கேட்டிருப்பானா?" என்றார்.

"கேட்டிருப்பார்."

"ம்" என்றார்.

எழுந்துபோய் ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கடைக்கு வரும் யாருக்கும் வைப்பது போல, கரண்டியை வலப்பக்கம் வைத்து. சாப்பிட முடியாது என்று நினைத்தேன். ஆனால் அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டேன். ஒரு முள் இல்லை. கிண்ணம் காலியாகும்வரை நின்றார், எடுத்துக்கொண்டு போனார், கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

திரும்பிப் பார்க்காமல், "நீ ஒருத்திதான் என்கிட்ட பொய் சொல்லல" என்றார். "இனிமே இங்க வராத."

சரி என்றேன்.

ஷு-யுன்